'சிறு திருத்தம்' என்று வரும் பாட மாற்றத்தை எப்படிப் பரிசீலிப்பது?

கேள்வி: கலிபோர்னியாவில், இரண்டாண்டுப் பட்டம் தரும் ஒரு சமுதாயக் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். இந்தப் பருவம் முதல் பாடத்திட்டக் குழுவில் எங்கள் துறையின் பிரதிநிதியாக இருக்கிறேன். சுற்றுச்சூழல் அறிவியல் அறிமுகப் பாடத்தில் ஆய்வகப் பகுதியைச் சேர்த்து, அதன் மதிப்பளவை 3 யூனிட்டிலிருந்து 4 யூனிட்டாக உயர்த்தவும், எங்கள் துறையின் தொடக்க வேதியியல் பாடத்தை அதற்கு முன்தேவையாக்கவும் (அதாவது அதை முடித்தவரே இதில் சேரலாம் என்று ஆக்கவும்) ஒரு விண்ணப்பம் வந்துள்ளது. 'சிறு திருத்தம்' என்று குறித்து, விவாதமின்றி மொத்தமாக நிறைவேற்றும் பட்டியலில் அதை வைத்திருக்கிறார்கள். அந்தத் துறை எனக்குப் பழக்கமில்லாதது. நான் எதைப் பார்க்க வேண்டும்? திருப்பி அனுப்பும் உரிமை எனக்கு உண்டா?

பதில்: உரிமை உண்டு, இந்த விண்ணப்பத்தைப் பொறுத்தவரை அது உங்கள் கடமையும் ஆகும். ஒரு பாட மாற்றம் சிறியதா பெரியதா என்பதை, படிவத்தில் எத்தனை வரிகள் மாறியிருக்கின்றன என்று எண்ணித் தீர்மானிக்க முடியாது. அந்தப் பாடத்தை நம்பி வேறு யார் யார் திட்டமிட்டிருக்கிறார்கள் என்று பார்த்தே தீர்மானிக்க வேண்டும். பாடநூலின் பதிப்பை மாற்றுவதும் விவரணையில் ஒரு சொல்லைத் திருத்துவதும் எவரையும் பாதிப்பதில்லை. யூனிட்டும் முன்தேவையும் மாறும்போதோ மாணவரின் கட்டணம், பட்டத்தின் மொத்த யூனிட் கணக்கு, பல்கலைக்கழகங்கள் இந்தப் பாடத்தைத் தங்கள் பாடத்துக்கு ஈடாக ஏற்கும் ஏற்பு ஒப்பந்தம், உங்கள் சொந்தத் துறையின் வகுப்பு இடங்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்து அசைகின்றன. ஆகவே முதல் வேலையாக, கூட்டம் தொடங்கியதும் இந்த விண்ணப்பத்தை ஒப்புதல் பட்டியலிலிருந்து எடுத்துத் தனியாக விவாதிக்குமாறு கேளுங்கள். பொதுவாக ஓர் உறுப்பினர் கேட்டாலே அது போதுமானது. காரணத்தை நீளமாக விளக்க வேண்டியதில்லை.

குழுவின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் புதிய உறுப்பினர்களின் தயக்கம் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறது. 1988-இல் இயற்றப்பட்ட ஏபி 1725 என்ற கலிபோர்னியச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த மாநில விதிகள், முன்தேவைகளை நிர்ணயிப்பது உள்ளிட்ட பாடத்திட்டப் பொருள்களை ஆசிரியர்களின் செனட் (கல்லூரி ஆசிரியர்களின் பிரதிநிதி அவை) முதன்மையாகக் கருத்துரைக்க வேண்டிய பொருள்களின் வரிசையில் முதலாவதாக வைத்தன. கல்லூரி விதிகளின் தொகுப்பான டைட்டில் 5, அதன் 55002-ஆம் பிரிவில், பாடத்திட்டக் குழு நிர்வாகமும் செனட்டும் இசைந்து அமைத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. குழு பரிந்துரைக்கிறது, கல்லூரி மாவட்டத்தின் அறங்காவலர் குழு ஒப்புதல் அளிக்கிறது, அதன்பின் பாடம் சமுதாயக் கல்லூரிகளுக்கான மாநிலச் சான்சலர் அலுவலகத்தின் பாடப் பதிவேட்டில் ஏறுகிறது. யூனிட் தரும் கிரெடிட் பாடங்களைப் பொறுத்தவரை அந்த அலுவலகம் இப்போது பெருமளவில் கல்லூரியின் சான்றுறுதியையே நம்புகிறது. மேலே ஒருவர் மறுபடி நுணுக்கமாகப் படிப்பார் என்று எண்ணிக் கையொப்பமிட இனி இடமில்லை. உங்கள் மேசையில் நடக்கும் வாசிப்புதான் பெரும்பாலும் கடைசி வாசிப்பு.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். உங்களுக்கு அந்தத் துறை தெரியாது என்பது குறையன்று. பருவநிலை மாற்றத்தை எத்தனையாவது வாரத்தில் கற்பிக்க வேண்டும் என்பது அந்தத் துறையாரின் முடிவு. அதில் நீங்கள் கைவைக்கக் கூடாது. ஆவணத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பொருந்துகிறதா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அதற்கு வெளியாளின் கண் மிகவும் பயன்படும்.

மணிக்கணக்கில் தொடங்குங்கள். வழக்கமான கணக்கில் 3 யூனிட் விரிவுரைப் பாடத்துக்கு வகுப்பறையில் 54 மணி, வகுப்புக்கு வெளியே 108 மணி, ஆக மொத்தம் 162 மணி. 54-ஆல் வகுத்தால் 3 கிடைக்கும். முழு அளவிலான ஓர் ஆய்வக யூனிட் என்றால் இன்னொரு 54 மணி சேர்ந்து மொத்தம் 216 ஆகும். வகுத்தால் சரியாக 4. படிவத்தில் ஆய்வகத்துக்கு 36 மணி மட்டும் போட்டிருந்தால் மொத்தம் 198. அதை 54-ஆல் வகுத்தால் 4 வருவதில்லை. 48-ஆல் வகுத்தால் 4-ஐத் தாண்டும் என்று துறை வாதிடலாம், ஏனெனில் ஒரு யூனிட்டுக்குக் குறைந்தது 48 மணி மாணவர் உழைப்பு என்பதே விதியின் எல்லை. ஆனால் எந்த எண்ணால் வகுப்பது என்பது உங்கள் மாவட்டத்தின் கொள்கையில் முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். பாடத்துக்குப் பாடம் வசதிக்கேற்ப அதை மாற்றக் கூடாது. இந்த ஒரு சரிபார்ப்பு சில நிமிடங்களில் முடியும், திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் கணிசமானவை இங்கேயே சிக்கும்.

அடுத்து, ஆய்வகம் உண்மையில் பாட ஆவணத்துக்குள் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். விதிப்படி அந்த ஆவணத்தில் யூனிட், மணிகள், முன்தேவைகள், பாட விவரணை, நோக்கங்கள், உள்ளடக்கம், வாசிப்பு மற்றும் எழுத்துப் பணிகள், கற்பிக்கும் முறை, மதிப்பிடும் முறை ஆகியவை இருக்க வேண்டும். அவசரமாகத் தயாரித்த விண்ணப்பங்களில் மணிக்கட்டத்தில் மட்டும் 54 என்ற எண் ஏறியிருக்கும்; உள்ளடக்கப் பகுதியில் ஆய்வகத் தலைப்பு ஒன்றுகூட இருக்காது, மதிப்பிடும் முறையில் பழைய 'நடுப்பருவத் தேர்வு, இறுதித் தேர்வு, கட்டுரை' என்ற வரியே நிற்கும், நோக்கங்களில் 'விளக்குதல்', 'விவாதித்தல்' தவிர வேறு வினையே வராது. நீர் மாதிரி எடுத்தல், மண்ணின் அமிலத்தன்மையை அளத்தல், தரவை வரைபடமாக்கி விளக்குதல் போன்ற செயல்கள் உள்ளடக்கத்தில் வர வேண்டும். அவற்றுக்கு ஈடாக ஒரு நோக்கமும், ஆய்வக அறிக்கை போன்ற ஒரு மதிப்பீடும் இருக்க வேண்டும். மூன்றும் ஒரே நேர்கோட்டில் நின்றால்தான் நான்காவது யூனிட்டுக்கு நியாயம் இருக்கிறது. அந்த யூனிட்டுக்காக, கட்டண விலக்கு பெறாத மாணவர் கூடுதலாக 46 டாலர் கட்டுகிறார், எல்லா மாணவரும் ஒவ்வொரு வாரமும் கூடுதலாக மூன்று மணி நேரத்தைத் தருகிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பகுதியைப் படியுங்கள்.

முன்தேவைதான் இந்த விண்ணப்பத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி. 55003-ஆம் பிரிவின் தரநிலை கடுமையானது: முன்தேவைப் பாடத்தில் கிடைக்கும் அறிவோ திறனோ இல்லாத மாணவர் இந்தப் பாடத்தில் திருப்திகரமான தரம் பெறுவது மிகவும் அரிது என்று காட்ட வேண்டும். 'இருந்தால் நல்லது' என்பதும், 'மாணவர்கள் தயாராக வருவதில்லை' என்பதும் போதிய காரணமாகா. இதைக் காட்டும் வழி உள்ளடக்க ஒப்பீடு. சுற்றுச்சூழல் பாடத்தில் நுழையும்போதே மாணவரிடம் இருக்க வேண்டிய திறன்களை ஒரு பக்கத்தில் எழுதி, வேதியியல் பாடத்தின் முடிவில் மாணவர் பெறும் திறன்களை மறுபக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். அந்த ஒப்பீடு விண்ணப்பத்துடன் இணைக்கப்படவில்லை என்றால் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. அதை மட்டும் காரணமாகச் சொல்லித் திருப்பி அனுப்பலாம்.

ஒப்பீடு இணைக்கப்பட்டிருந்தால், குழுவில் உங்களைவிட அதைப் படிக்கத் தகுதியானவர் வேறு யாருமில்லை, ஏனெனில் மறுபக்கத்தில் இருப்பது உங்கள் பாடம். தொடக்க வேதியியலில் மோலார் கணக்கு, சமன்பாடுகளைச் சமன்செய்தல், வாயு விதிகள், பிணைப்பு என்று ஒரு பருவம் முழுவதும் கற்பிக்கிறீர்கள். சுற்றுச்சூழல் அறிமுகப் பாடத்துக்கு அவற்றில் எத்தனை தேவைப்படுகின்றன? பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற செறிவு அலகும், அமிலம்-காரம் பற்றிய அடிப்படைக் கருத்தும் மட்டுமே தேவை என்றால், அவற்றைச் சுற்றுச்சூழல் பாடத்தின் முதல் இரண்டு வாரங்களிலேயே கற்பித்துவிடலாம். அதற்காக ஒரு மாணவரை ஒரு முழுப் பருவம் காத்திருக்க வைக்க நியாயமில்லை. இப்படிப்பட்ட நிலையில் நான் பரிந்துரைப்பது, அதைக் கட்டாய முன்தேவையாக வைக்காமல், கல்லூரியின் பாடக் கையேட்டில் 'பரிந்துரைக்கப்படும் முன்தயாரிப்பு' என்று குறிப்பிடுவதுதான். அறிவுரை மாணவருக்குப் போய்ச் சேரும், கதவு அடைபடாது.

இங்கே உங்கள் துறையின் நலனும் குறுக்கிடுகிறது என்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன். உங்கள் பாடம் இன்னொரு பாடத்துக்கு முன்தேவையானால் அதில் சேர்க்கை கூடும். துறைத் தலைவர் இதை வரவேற்கக்கூடும். நீங்கள் அங்கே துறையின் பிரதிநிதியாக அமர்ந்திருந்தாலும் வாக்களிப்பது கல்லூரியின் மாணவர்களுக்காக. அத்துடன், முன்தேவைப் பாடத்தில் போதுமான இடம் கிடைக்காவிட்டால் மாணவர் அந்த முன்தேவையையே எதிர்த்து முறையிடலாம் என்று விதி சொல்கிறது. ஆகவே கூடுதல் வேதியியல் பிரிவுகளைத் திறக்க முடியுமா என்று உங்கள் துறையிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கூட்டத்துக்குச் செல்லுங்கள். முன்தேவை ஒருமுறை ஏற்கப்பட்டுவிட்டால் அதோடு முடிந்துவிடுவதில்லை: 6 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது, தொழிற்கல்விப் பாடமாயின் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை, அது மறுபரிசீலனைக்கு வர வேண்டும். குறிப்பிட்ட சில மாணவர் பிரிவினர் மட்டும் அதனால் அதிகமாகத் தடுக்கப்படுகிறார்களா என்பதும் அப்போது பார்க்கப்பட வேண்டும்.

கல்லூரிக்கு வெளியே நடப்பதை அறிய, பல்கலைக்கழகங்களுடனான ஏற்பு ஒப்பந்தங்களைக் கவனிக்கும் ஆர்டிகுலேஷன் அலுவலரை நாடுங்கள். விண்ணப்பத்தில் அவருடைய குறிப்பு இல்லாமல் யூனிட் மாற்றத்துக்கு வாக்களிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பொதுக் கல்விப் பாடமாக இது ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டிருந்தால், 2025 இலையுதிர் பருவத்தில் நடைமுறைக்கு வந்த கால்-கெட்சி (பல்கலைக்கழகத்துக்கு மாறும் மாணவருக்கான பொதுக் கல்விப் பாடத் தொகுதி) முறையில் அறிவியல் பகுதியோடு ஆய்வகப் பகுதிக்கும் இது தகுதி பெறுமா என்று அவர் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஆய்வகம் சேர்ப்பதால் மாணவருக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான நன்மை அதுதான் என்பதால், துறை அதை வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் புதிய, திருத்திய பாடங்களை ஆண்டுக்கு ஒரு சுற்றில்தான் ஏற்கிறது. அந்தச் சுற்றைத் தவறவிட்டால் கையேட்டில் ஒன்றும் ஏற்புப் பட்டியலில் வேறொன்றுமாக ஓர் ஆண்டு ஓடிவிடும். இந்தப் பாடம், பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதற்கான இணைப்பட்டம் எதிலாவது இடம்பெற்றிருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. 2010-இல் வந்த எஸ்பி 1440 சட்டத்தின்படி அத்தகைய பட்டம் 60 யூனிட்டுக்குள் அடங்க வேண்டும். சில அறிவியல், பொறியியல் துறைகளுக்கு மட்டும் பின்னாளில் 66 வரை இடம் தரப்பட்டது. ஏற்கெனவே 60-ஐத் தொட்டு நிற்கும் பட்டத்தில் ஒரு யூனிட் கூடினால், எதை நீக்குவது என்ற கேள்வி வேறொரு துறையின் தலையில் விழும். இந்தப் பாடம் எந்தெந்தப் பட்டங்களிலும் சான்றிதழ்களிலும் இருக்கிறது என்ற பட்டியலைப் பாடத்திட்ட மென்பொருளிலிருந்து எடுத்து இணைக்குமாறு கேளுங்கள்.

ஆய்வக அறை, உபகரணம், பொறுப்பாளர் ஆகியவை பட்ஜெட் சார்ந்தவை, குழுவுக்கு வேலையில்லாதவை என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். போதிய வளம் இருக்கிறதா என்பது சான்சலர் அலுவலகத்தின் பாட ஒப்புதல் அளவுகோல்களில் ஒன்று. டீனின் ஒப்புதல் குறிப்பு இருந்தால் அதுவே போதும். குழு அறை ஒதுக்கீட்டை அலச வேண்டியதில்லை. பாடம் இணையவழியிலும் நடத்தப்படுமானால் அதற்கான பிற்சேர்க்கையைக் குழு தனியாகப் பரிசீலித்து ஒப்புதல் தர வேண்டும். ஆய்வகம் சேரும்போது, நீர் மாதிரி எடுக்கும் பயிற்சியை இணையவழி மாணவர் எப்படிச் செய்வார் என்ற கேள்விக்கு அந்தப் பிற்சேர்க்கையில் பதில் இருக்க வேண்டும்.

துறைக்கு நீங்கள் முன்வைக்கக்கூடிய மாற்று வழியும் ஒன்று உண்டு. 3 யூனிட் விரிவுரைப் பாடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 1 யூனிட் ஆய்வகத்தைத் தனிப் பாடமாக உருவாக்கலாம். ஆய்வகம் தேவைப்படுபவர் இரண்டையும் எடுப்பார். ஏற்கெனவே ஆய்வகத் தேவையை முடித்தவர் விரிவுரையை மட்டும் எடுப்பார். பட்டங்களின் யூனிட் கணக்கும் பழைய ஏற்பு ஒப்பந்தங்களும் குலையா. ஆய்வகம் இல்லாமல் விரிவுரை புரியாது என்று துறை உறுதியாகக் கருதினால் 4 யூனிட் வடிவமே சரி, ஆனால் அந்தக் காரணத்தை அவர்கள் விண்ணப்பத்தில் எழுதித் தர வேண்டும்.

கூட்டத்தில் பேசும்போது விண்ணப்பித்த ஆசிரியரை விசாரணைக்கு உட்படுத்துவது போன்ற தொனி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே அவருக்கு உங்கள் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பல குறைகள் அங்கேயே தீர்ந்துவிடும், பொதுவில் அவர் சங்கடப்பட நேராது. தீர்மானத்தைப் பிரித்து முன்மொழியலாம்: மணிக்கணக்கும் உள்ளடக்கமும் திருத்தப்பட்டால் ஆய்வகச் சேர்க்கைக்கு ஒப்புதல், முன்தேவை உள்ளடக்க ஒப்பீட்டுடன் அடுத்த கூட்டத்துக்கு. முன்தேவை பிறகு ஏற்கப்படும் என்ற நம்பிக்கையில் 'நிபந்தனையுடன் ஒப்புதல்' தருவதை மட்டும் தவிருங்கள். நிபந்தனை நிறைவேறியதா என்று திரும்பிப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் எழுதப்படாததால் அது பெரும்பாலும் நிறைவேறாமலே கையேட்டில் ஏறிவிடுகிறது.

நடைமுறைக்கு வரும் பருவத்தையும் தீர்மானத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். அறங்காவலர் குழு, மாநிலப் பதிவேடு, கையேடு, பல்கலைக்கழக ஏற்பு என்ற வரிசையைக் கணக்கிட்டால், இப்போது ஒப்புதல் பெறும் யூனிட் மாற்றத்தை அடுத்த கல்வியாண்டின் இலையுதிர் பருவத்துக்கு முன் தொடங்குவது நல்லதன்று. பழைய கையேட்டின் கீழ் சேர்ந்த மாணவர் 3 யூனிட் வடிவத்தை எடுத்திருந்தால் அது அவருடைய பட்டத்துக்குத் தொடர்ந்து செல்லும் என்பதை ஆலோசகர்களுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் கூட்டக் குறிப்பில் இடம்பெறட்டும்.