மகன் விவசாயம் படிக்கணும்னு நிக்கிறான், காசுக்கு வழி?

கேள்வி: அண்ணே, மலேசியா பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டுல இருக்கோம். மகன் அஞ்சாம் படிவப் பரீட்சை எஸ்பிஎம் முடிச்சிட்டு விவசாயம்தான் படிப்பேன்னு நிக்கிறான். வீட்டுக்குப் பின்னால மைலோ டின்னுல மிளகா நட்டு, தினமும் இலைய திருப்பித் திருப்பி பூச்சி பாக்குறான். செம்பனை குலை வெட்டுற அவங்க அப்பா "நான் பட்டது போதாதா"ன்னு கேக்குறாரு. அரசாங்க உதவி இருக்கா?

பதில்: இருக்கு தங்கச்சி. அவரு பயம் நியாயந்தான், ஆனா குலை வெட்டுறதும் விவசாயம் படிக்கிறதும் ஒண்ணில்ல, படிச்சவன் மண்ணு, நோய், உரக்கணக்கு பாக்குற வேலைக்குப் போவான், செர்டாங்ல 1931ல விவசாயப் பள்ளியா ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு யுபிஎம் பல்கலைக்கழகம். எஸ்பிஎம் முடிச்ச கையோட சேரணும்னா விவசாய இலாகாவோட பயிற்சிக் கழகம் நம்ம பேராக்லயே தீத்தி கந்தோங்ல இருக்கு. டிப்ளோமா, டிகிரின்னா அரசாங்கத்தோட உயர்கல்வி நிதி பிடிபிடிஎன். அது இனாம் இல்ல, கடன், ஆனா டிகிரியில ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுத்தா திருப்பிக் கட்டாம விலக்கு கேக்கலாம், அத பையன்கிட்ட இப்பவே சொல்லி வைங்க. முதல்ல அவன் பேர்ல பிடிபிடிஎன்னோட சேமிப்புக் கணக்கு எஸ்எஸ்பிஎன் திறங்க. அப்பாவோட சம்பள ஸ்லிப், அடையாள அட்டை (ஐசி) காப்பி எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போடுங்க, எங்க வீட்டுப் புள்ள ஒண்ணு ஸ்லிப்ப தேடித் தேடியே மனு தேதிய விட்டுட்டா, இன்னும் நெனச்சா வலிக்குது.