அப்பாவின் குடியை எழுதித் தீர்க்க முடியுமா?

கேள்வி: எனக்கு 37 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. தாத்தா, அப்பா இருவருமே குடியால் போனவர்கள். நானும் பல வருடம் குடித்தேன். சிகிச்சை எடுத்து, ஐந்து மாதமாகத் தொடவில்லை. 'சின்ன வயதில் நடந்ததை எழுதுங்கள்' என்றார் ஆலோசகர். ஒரு ராத்திரி உட்கார்ந்தேன். அப்பா அம்மாவை அடித்த இடம் வந்ததும் கை ஓடவில்லை. குடிக்க வேண்டும் போலிருந்தது. எனக்கு இது ஒத்துவருமா?

பதில்: ஒத்துவரும். ஆனால் ராத்திரியில், தனியாக, எடுத்த எடுப்பிலேயே இருப்பதில் கனமான சம்பவத்தைத் தொட்டிருக்கிறீர்கள். யாராக இருந்தாலும் ஆடித்தான் போவார்கள்.

இந்த முறையை முதலில் சோதித்தவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். 1986-இல் வெளியான ஆய்வில் கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிடம், நான்கு நாள் மட்டும் எழுதவைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனச்சோர்வுதான் வந்தது. பலன் பின்வந்த மாதங்களில்தான் தெரிந்தது. அதனால் உங்களுக்கு வந்த கலக்கம் தோல்வி அல்ல. பிறகு நடந்த ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டு, ஆனால் சிறியது. சிகிச்சைக்குத் துணை, அவ்வளவுதான். எழுதத் தொடங்கிவிட்டோம் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையையோ, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தையோ விட்டுவிடாதீர்கள்.

லீவு நாளில், பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது எழுதுங்கள். போனில் 15 நிமிடம் அலாரம். மணி அடித்தால் பாதி வரியானாலும் நோட்டை மூடிவிடுங்கள். பென்னிபேக்கர் அடுத்தடுத்த நாட்களில் எழுதச் சொன்னார். உங்கள் நிலைக்கு வாரம் ஒரு நாள் போதும் என்பது என் கருத்து.

அடித்த காட்சி இப்போதைக்கு வேண்டாம். ஓரத்திலிருந்து தொடங்குங்கள். குடிக்கிறவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காது கூர்மை. வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு ஒரே உதையில் விழுந்தால் அப்பா நிதானம். இரண்டு மூன்று தரம் உதைத்தால் தம்பியை இழுத்துக்கொண்டு பாயில் படுத்துத் தூங்குவதுபோல் நடிக்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்தச் சத்தம் எது? முதல் தடவை அதை மட்டும் எழுதுங்கள். அப்போது வயிறும் நெஞ்சும் என்ன செய்தன என்பதை அடுத்த தடவை. மூன்றாவதில் இன்றைக்கு வாருங்கள்: சூப்பர்வைசர் குரலை உயர்த்தினால் அதே வயிறு இறுகுகிறதா? அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் கடைக்குப் போனீர்களா? நடந்ததையே திரும்பத் திரும்பப் புலம்பியவர்களைவிட, எழுத எழுத 'அதனால்தான்', 'இப்போது புரிகிறது' என்று காரணம் கோத்தவர்களுக்கே பலன் கூடியதாக பென்னிபேக்கர் குழு கண்டது.

கடைசியாக அப்பாவின் பத்து வயதை எழுதுங்கள். தாத்தா குடித்துவிட்டு வந்த வீட்டில் அவர் எங்கே ஒளிந்திருப்பார்? அவரை மன்னிக்கச் சொல்லவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடே கிடையாது. குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபணு சார்ந்தது என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். மீதியில் இந்த ஒளிந்த இடங்களுக்கும் பங்கு உண்டு.

உங்கள் பிள்ளைகள் உங்கள் வண்டிச் சத்தத்தை எப்படிக் கேட்டார்கள் என்பதையும் ஒருநாள் எழுத வேண்டிவரும். அதைத் தனியாகச் செய்யாதீர்கள். ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகளில் நான்காவது, தன்னைப் பற்றிய கணக்கை அச்சமின்றி எடுப்பது. ஐந்தாவது, அதை இன்னொரு மனிதரிடம் சொல்வது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பது காரணத்தோடுதான். ஆலோசகரோ, ஸ்பான்சரோ (ஏ.ஏ.வில் உங்களுக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்) பக்கத்தில் இருக்கட்டும்.

எழுதும்போது குடிக்கத் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு வயிறாரச் சாப்பிடுங்கள், யாரிடமாவது பேசுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி சேவையான 'டெலி மானஸ்' எண் 14416; 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலும் இதே எண்தான், தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், நோட்டைப் பூட்டி வையுங்கள், இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள். உணர்ச்சிவசப்பட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த ராத்திரிகள் உங்கள் அம்மாவுக்கும் சொந்தம். அவரைக் கேட்காமல் சித்தப்பா வரைக்கும் போகக் கூடாது.