குளித்த நீரும் கொல்லைச் செடியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வாஷிங் மெஷினிலிருந்து வரும் நீரை ஓராண்டாக எலுமிச்சை மரத்துக்கு விடுகிறோம். இலைகளின் ஓரம் கருகுகிறது. பாத்தியில் தண்ணீர் இறங்காமல் தேங்குகிறது. அழுக்குதான் காரணமா? (தாம்பரம்)

பதில்: அழுக்கு அன்று, உப்பு. துணியிலிருந்து வரும் அழுக்கை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சில நாட்களில் தின்று தீர்த்துவிடும். சலவைத்தூளில் பெரும்பங்கு வகிக்கும் சோடியம் கார்பனேட், சோடியம் சல்பேட் போன்ற உப்புகளை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. களிமண் துகள்களைப் பிணைத்து வைத்திருக்கும் கால்சியத்தைச் சோடியம் வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் தான் அமர்ந்துகொள்ளும்போது, துகள்கள் பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. அப்படிப்பட்ட மண் ஈரத்தில் சேறாக வழுக்கும். காய்ந்தால் செங்கல்லைப் போல இறுகி, மேலே வெள்ளை பூத்திருக்கும். எலுமிச்சை உப்பைத் தாங்காத மரம் என்பதால் அதுதான் முதலில் வாடிக் காட்டுகிறது. என் வீட்டிலும் இதே தவற்றால் ஐந்து வயது எலுமிச்சை ஒன்றை நான் இழந்திருக்கிறேன் என்பதால், தங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது.

முதல் சலவையின் நீரை இனி மரத்துக்கு விட வேண்டாம். கடைசியாக அலசும் நீரை மட்டும் திருப்பிவிடலாம்; அதையும் தென்னை, வாழை என்று இடம் மாற்றி விடுவது நல்லது. உரக்கடையில் கிடைக்கும், கால்சியம் நிறைந்த ஜிப்சத்தைச் சதுர மீட்டருக்கு அரை கிலோ வீதம் தூவி, மேல்மண்ணோடு கொத்திவிடுங்கள். இதை ஐப்பசி மழைக்கு முன் செய்தால், கால்சியத்தால் விடுவிக்கப்படும் சோடியத்தை மழைநீரே வேருக்குக் கீழே இறக்கிவிடும். அந்த வேலையைக் குடத்து நீரால் செய்து முடிக்க இயலாது.

கேள்வி: கல்வாழை நட்டால் சோப்பு நீர் முழுவதும் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். எவ்வளவு பெரிய பாத்தி வேண்டும்? (மதுரை)

பதில்: "முழுவதும்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். கல்வாழை, சேம்பு, வெட்டிவேர் ஆகியவற்றின் வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்களே சோப்பின் கொழுப்பையும் உடல் அழுக்கையும் சிதைக்கின்றன. அவற்றுக்கு இடமும் காற்றும் தருவதே செடியின் பங்கு. உப்பு அப்படியே வெளியே வரும். சொல்லப்போனால், செடி நீரை உறிஞ்சி ஆவியாக்குவதால் மிஞ்சும் நீரில் உப்பின் செறிவு சற்றே கூடும். ஆகவே இந்தப் பாத்தி குளியல் நீருக்கு ஏற்றது. சலவைத்தூள் நீருக்குப் பரிகாரம் ஆகாது.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் நீர் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கணக்கிடுகிறது. அதில் 45 லிட்டர் கழிப்பறைக்கு உரியது. மீதியில் குளியலுக்கு ஆளுக்கு நாற்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டால், நால்வர் உள்ள வீட்டில் ஏறத்தாழ 150 லிட்டர் கிடைக்கும். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் கொண்ட பள்ளத்தில் ஜல்லியும் பருமணலும் நிரப்பினால், கற்களின் இடைவெளியில் மட்டும் 220 லிட்டர் அளவுக்கு நீர் தங்கும். அதாவது, இன்று நுழையும் நீர் வெளியேற ஒன்றரை நாள் ஆகும்; அந்த அவகாசம் நுண்ணுயிர்களுக்குப் போதும். நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு நான்கு விரற்கடை கீழே நிற்கும்படி வெளிக்குழாயைப் பொருத்துங்கள். மேலே நீர் தெரிந்தால் கொசுப் பண்ணைதான். குழாய் பாத்தியில் நுழையும் இடத்தில், முடியும் நாரும் தங்குவதற்கு ஒரு வலைக்கூடை அவசியம். அதை வாரம் ஒருமுறை கழுவாதவர்கள்தான் "பாத்தி அடைத்துக்கொண்டது" என்று பின்னர் எழுதுகிறார்கள்.

கேள்வி: குளித்த நீரைக் கீரை, புதினாவுக்கு விடலாமா? (திருச்சி)

பதில்: வேண்டாம். தரையை ஒட்டி வளர்பவை, பச்சையாக உண்பவை இரண்டுக்கும் நல்ல நீரே ஏற்றது. வாழை, தென்னை, முருங்கை, பூச்செடிகளுக்கு வேரடியில், மண்மேல் பரப்பிய சருகு மூடாக்கின் கீழே விடுங்கள்; இலைமேல் தெளிக்காதீர்கள். குழந்தையின் மலத்துணி அலசிய நீரும், வீட்டில் வயிற்றுப்போக்கு உள்ள நாட்களின் குளியல் நீரும் கழிவுத் தொட்டிக்கே போகட்டும்.

கேள்வி: குளியல் நீரை டிரம்மில் சேமித்து வாரக் கடைசியில் ஊற்றுகிறேன். நாற்றம் தாங்க முடியவில்லை. (கோவை)

பதில்: ஒரு நாளுக்கு மேல் வைக்கவே கூடாது. நீரிலுள்ள உயிர்வளியை நுண்ணுயிர்கள் தீர்த்துவிட்ட பிறகு நடப்பது அழுகல்; அந்த நாற்றம் அதனால் எழுவது. டிரம்மை எடுத்துவிட்டு, குழாயை நேரே பாத்திக்குத் திருப்புங்கள். மழைக்காலத்தில் மண் ஊறியிருக்கும்போது நீரைச் சாக்கடைக்கே மாற்றிவிட, குழாயில் ஒரு வால்வு இருக்கட்டும்.

கேள்வி: ஆர்.ஓ. இயந்திரம் தள்ளும் நீர், ஏ.சி. சொட்டு நீர் ஆகியவை மாடித் தொட்டிச் செடிகளுக்கு ஆகுமா? (சென்னை)

பதில்: ஏ.சி. நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது. அதில் உப்பு மிகக் குறைவு, தாராளமாக ஊற்றலாம். ஆர்.ஓ. தள்ளும் நீர் இதற்கு நேர்மாறானது. குடிநீரிலிருந்து பிரிக்கப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரே உவர்ப்பாக இருக்கும் கடலோரப் பகுதிகளில் அதைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் மண் குறைவு என்பதால், நிலத்தில் இரண்டு ஆண்டுகளில் தெரியும் உப்புப் பாதிப்பு அங்கே இரண்டு மாதங்களிலேயே தெரிந்துவிடக்கூடும். இதற்குள் ஊற்றிவிட்டிருந்தால், அந்த ஏ.சி. நீரையே அடித்துளை வழியாக வழியும் வரை ஊற்றித் தொட்டியை அலசிவிடுங்கள்.