குடியை விட்ட பிறகுதான் போக வேண்டுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது நாற்பத்தொன்று. பல ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறேன். இப்போதெல்லாம் காலையில் கை நடுக்கம் அடங்கவே கொஞ்சம் குடிக்க வேண்டியிருக்கிறது. குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் உதவும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுவின் கூட்டம் நடக்கும் இடம் ஒன்றை என் மனைவி தேடிப் பிடித்து முகவரி கொடுத்தாள். போய்ப் பார்த்தேன், கதவு பூட்டியிருந்தது. உண்மையைச் சொன்னால், அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. நானாகவே ஒரேயடியாக நிறுத்திவிட்டு, ஒரு மாதம் தாக்குப்பிடித்த பிறகு போகலாம் என்று நினைக்கிறேன். குடித்துக்கொண்டிருப்பவன் அங்கே போய் எந்த முகத்தோடு நிற்பது? தெரிந்தவர்கள் யாராவது இருந்துவிட்டால்? கடவுள் நம்பிக்கையும் எனக்கு இல்லை.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தக் கை நடுக்கம்தான். ஆகவே கூட்டத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். காலையில் குடித்தால்தான் நடுக்கம் அடங்குகிறது என்றால், உங்கள் உடல் மதுவுக்குப் பழகிவிட்டது. அந்த நிலையில் வீட்டில் தனியாக ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் மனக்குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது, கடும் காய்ச்சல் என்று முற்றி, உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. மருத்துவரிடம் போங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். பாதுகாப்பாக நிறுத்த மருந்துகள் உண்டு, தயமின் என்ற வைட்டமினும் கொடுப்பார்கள். அப்படியே, பக்கத்தில் எந்தக் குழு ஒழுங்காக நடக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். குடிநோய்க்குச் சிகிச்சை அளிப்பவர்களுக்குப் பெரும்பாலும் அது தெரிந்திருக்கும்.

இனி அந்த ஒரு மாதம். காய்ச்சல் இறங்கிய பிறகு வைத்தியரைப் பார்க்கலாம் என்பதுபோல் இருக்கிறது நீங்கள் சொல்வது. ஏ.ஏ.வில் சேரத் தேவையான ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்று அவர்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. கட்டணமும் கிடையாது. கூட்டத்தில் தட்டோ பையோ சுற்றிவரும், போட விரும்புகிறவர் போடலாம்.

அதன் தொடக்கமும் இப்படித்தான். 1935 மே மாதம், பின்னாளில் ஏ.ஏ.வின் நிறுவனர்களில் ஒருவரான, குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொழில் முயற்சி ஒன்று தோற்றுப்போய் ஒரு ஹோட்டலில் நின்றுகொண்டிருந்தார். மதுக்கூடத்திலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. உள்ளே போகாமலிருக்க இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்தார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற மருத்துவர். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது என்ற நிபந்தனையோடு வந்தவர், இரவு பதினொரு மணி தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் பாப் ஒருமுறை மீண்டும் குடித்தார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. ஏ.ஏ.வின் இன்னொரு நிறுவனரான அவரே குடித்துக்கொண்டிருந்தவர்தான், கே.

பூட்டிய கதவுக்கு வருவோம். இந்தக் குழுக்களை நடத்துகிறவர்கள் உறுப்பினர்களே. இடம் மாறும், நேரம் மாறும், பட்டியலில் பழைய முகவரியே கிடக்கும். போவதற்கு முன் ஏ.ஏ. உதவி எண்ணை அழையுங்கள். எடுப்பவர் பெரும்பாலும் ஒரு காலத்தில் உங்களைப்போல் குடித்தவராகத்தான் இருப்பார். “நான் புதியவன், இந்த வாரம் எங்கே கூட்டம், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா?” என்று கேட்டால் போதும். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் மற்றவர்களும் வரலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். தெரிந்த முகத்துக்கு அஞ்சுகிறவர் மூடிய கூட்டத்தைக் கேட்பது நல்லது. அங்கேயும் தெரிந்தவர் இருந்தால், அவர் வந்த காரணமும் உங்களுடையதுதான். முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பேசக் கூப்பிட்டால், இன்று கேட்க மட்டும் வந்தேன் என்று சொல்லலாம். நேரில் போக மனம் வரவில்லையா, இணையவழிக் கூட்டங்களும் நடக்கின்றன.

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். சில குழுக்களில் ஒருவரே பேசிக்கொண்டிருப்பார், எனக்கே பொறுமை இருக்காது. ஒவ்வொரு குழுவும் தன்னிச்சையாக நடப்பது, ஆகவே வேறொன்றைப் பாருங்கள். கடவுள் பேச்சும் பிரார்த்தனையும் அங்கே உண்டு, மறைக்க மாட்டேன். கடவுள் என்பது அவரவர் புரிந்துகொண்டபடி என்று இடம் விட்டிருக்கிறார்கள், நம்பிக்கையற்ற பலர் அதில் ஒட்டிக்கொண்டுமிருக்கிறார்கள். அதுவும் ஒவ்வாவிட்டால் 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்ற உதவிக் குழு மதச்சார்பில்லாதது, சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் முறைகளைக் கொண்டது. ஆனால் கடவுளைக் காரணம் காட்டிப் போகாமலிருப்பதை நான் ஏற்கமாட்டேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.வில் சேர்ந்து பங்கேற்க முறையாக வழிகாட்டும் சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற சிகிச்சைகளைவிட மேலாக இருந்தன.

கடைசியாக ஒன்று. முகவரியைத் தேடியவர் உங்கள் மனைவி. அடுத்த அழைப்பை நீங்கள்தான் செய்ய வேண்டும், அவரிடம் விடாதீர்கள். அவர் தனக்காக அழைக்க வேண்டிய எண் வேறு. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கான அல்-அனான் 1951-இல் உருவானது, அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில் வில்சனின் மனைவி லோயிஸ். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் உங்கள் மனைவி அங்கே போகலாம் என்று சொல்லுங்கள்.