கைமேளம் கட்டும் இளையோர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் பகுதிச் சமூக மையத்தில் முதற்குடிப் (கனடாவின் First Nations பழங்குடி) பிள்ளைகளுக்குக் கைமேளம் (மர வளையத்தில் தோல் கட்டிய மேளம்) கட்டப் பழக்கப் போகிறார்கள். மனக்காயத்தோடு வரும் பிள்ளைக்கு உளவள ஆலோசகர்தானே வேண்டும்? தோலும் மரமும் என்ன செய்யும்?
- ஆசிரியை, ஸ்கார்பரோ

பதில்: ஆலோசகர் கட்டாயம் வேண்டும். ஆனால் காயம் எந்த வழியாக வந்தது என்றும் பாருங்கள். கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் 1,50,000க்கும் மேற்பட்ட முதற்குடி, இனுவிட், மெட்டி ஆகிய பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. பசிபிக் கரையோர மக்களின் பொட்லாட்ச் என்ற விருந்து, கொடைச் சடங்குக்கு 1885 முதல் 1951 வரை சட்டப்படி தடை. பாட்டி பேத்திக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வழியே அடைபட்டுப் போனது. இன்றைய பிள்ளைக்குக் குறைவது அப்படிப் பக்கத்தில் இருந்து சொல்லித்தரும் பெரியவரின் துணை. மேளம் கட்டும் சாக்கில் ஒரு பெரியவர் மூன்று நான்கு மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்கிறாரே, பயன் அங்கேதான் இருக்கிறது.

உளவியலாளர்கள் மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டோபர் லாலோண்ட் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஏறத்தாழ 200 முதற்குடிச் சமூகங்களைப் பார்த்தது. சில இடங்களில் இளையோர் தற்கொலை மிக அதிகம். பல இடங்களில் அறவே இல்லை. நில உரிமைப் போராட்டம், தன்னாட்சி, பள்ளி, மருத்துவம், காவலும் தீயணைப்பும், பண்பாட்டுக் கூடம் ஆகிய ஆறும் தங்கள் முயற்சியில், தங்கள் பொறுப்பில் அமைந்திருந்த சமூகங்களில், ஆய்வுக்கு எடுத்த 5 ஆண்டுகளில் ஓர் இளையோர் தற்கொலைகூடப் பதிவாகவில்லை. இதனால்தான் இது நடந்தது என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. ஆனாலும் பட்டறை யார் பொறுப்பில் நடக்கிறது என்று முதலில் கேளுங்கள். முதற்குடிப் பெரியவர் யாரும் முடிவெடுக்கும் இடத்தில் இல்லையென்றால் அது வெறும் கைவினை வகுப்பு.

கேள்வி: 10 பிள்ளைகளுக்குப் பட்டறை நடத்த என்னென்ன வேண்டும்? செய்முறையைச் சொல்லுங்கள்.
- இளையோர் பணியாளர், வினிபெக்

பதில்: சாமான் வாங்குமுன் பெரியவரைப் போய்ப் பாருங்கள். கிரீ, ஆனிஷினாபே மக்களிடம் புகையிலை கொடுத்துக் கேட்பது வழக்கம்; எல்லா மக்களுக்கும் இது பொருந்தாது. இனுவிட்டுகளின் மேளமே வேறு, அதை விளிம்பில் அடிப்பார்கள். பெண்பிள்ளைகள் எந்த மேளத்தைத் தொடலாம், எப்போது விலகியிருப்பார்கள் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். அவரிடமே கேட்டு நடங்கள். அவருக்கான சன்மானத்தையும் போக்குவரத்துச் செலவையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒரு மேளத்துக்கு 14 அங்குல மர வளையம் ஒன்று, பதனிடாத மான் தோல் அல்லது எல்க் (பெரிய மான் வகை) தோலில் 18 முதல் 19 அங்குல வட்டம் ஒன்று. வார் தனி. 14 அங்குலத் தோல் துண்டை ஓரத்திலிருந்து சுருளாக 1 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டிக்கொண்டே போனால் 30 அடிக்கு மேல் வார் கிடைக்கும். கத்தரி வழுக்கி அகலம் குறைந்த இடத்தில்தான் பின்னால் வார் அறும். அந்த இடம் வந்தால் வெட்டி முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

தோலையும் வாரையும் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மான் தோலுக்கு ஓர் இரவு போதும், தடித்த எல்க் தோலுக்கு ஒரு முழு நாள். அவசரத்துக்குச் சுடுதண்ணீர் ஊற்றினால் தோல் வெந்து சுருங்கிப் பிசுபிசுக்கும், பிறகு எதற்கும் உதவாது. ஊறியதும் ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி, சம இடைவெளியில் 24 துளைகள் போடுங்கள். முடி இருந்த பக்கம் வெளியே பார்க்கும்படி தோலை விரித்து நடுவில் வளையத்தை வைத்து, வாரை ஒரு துளையில் கோத்து நேர் எதிர்த் துளைக்கு, அங்கிருந்து முதல் துளைக்கு அடுத்ததற்கு என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். முதல் சுற்றில் இழுக்கவே கூடாது. எல்லாத் துளையும் கோத்த பிறகு இரண்டாம் சுற்றில் தொய்வை எடுங்கள். ஒருவர் வளையத்தை அசையாமல் பிடிக்க, இன்னொருவர் வாரை இழுக்க வேண்டும். பேசவே மாட்டேன் என்றிருக்கும் பிள்ளையும் இந்த இடத்தில் "பிடி", "விடு" என்றாவது சொல்லியாக வேண்டும். அதனால் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகவே உட்கார வையுங்கள். கடைசியில் நடுவில் கூடும் வார்களை நான்கு பிரியாகப் பிரித்துச் சுற்றினால் சிலுவை வடிவில் கைப்பிடி வரும்.

அதன்பின் நிழலில் 3 முதல் 5 நாள் காய வேண்டும். அதுவரை அடிக்கக் கூடாது. இந்த இடைவெளியைக் குறை என்று நினைக்காதீர்கள். காய்ந்த மேளத்தை எடுக்கப் பிள்ளை கட்டாயம் திரும்பி வருவான். அன்றைக்குத்தான் பெரியவர் மேளத்தை எழுப்பும் சடங்கைச் செய்து பாட்டைத் தொடங்குவார். ஒரே நாளில் முடித்துக் கையில் கொடுத்தனுப்பும் பட்டறைகள் இந்த இரண்டாம் சந்திப்பை வீணாக்குகின்றன.

கேள்வி: கட்டிய மேளங்களில் இரண்டு கோணிவிட்டன, ஒன்று 'தொப் தொப்' என்கிறது. ஏன்?
- வாசகர், சஸ்கட்டூன்

பதில்: காயும்போது தோல் நன்றாகச் சுருங்கும். ஈரத்திலேயே விறைப்பாக இழுத்துக் கட்டினால், மெல்லிய வளையம் அந்த இழுவையைத் தாங்காமல் முறுக்கிக்கொள்ளும். தடித்த தோலுக்குத் தடித்த வளையம்தான் சரி. ஈரத்தில் நடுவே பெருவிரலால் அழுத்தினால் லேசாகக் கொடுக்க வேண்டும். வெப்பமூட்டியின் பக்கத்தில் வைத்திருந்தாலும் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து கோணும். கோணியதை அவிழ்த்து மறுபடி ஊறவைத்துக் கட்டலாம். பிள்ளை தோற்றுப்போனதாக நினைக்காதபடி, அவிழ்க்கும் வேலையையும் பெரியவரோடு சேர்ந்தே செய்யட்டும்.

'தொப்' என்பது பெரும்பாலும் காற்றின் ஈரம்தான். நம் பறையைத் தீயில் காய்ச்சுவதுபோல், கணப்பிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்துச் சூடேற்றுங்கள். காய்ச்சியும் ஓசை ஏறாவிட்டால் வார் தொய்வு; அவிழ்த்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: பாட்டின் நடுவில் ஒரு சிறுவன் அழுது வெளியே ஓடிவிட்டான். நாங்கள் திகைத்துவிட்டோம்.
- தன்னார்வலர், ஒட்டாவா

பதில்: கூட்டத்தை நிறுத்தாதீர்கள், எல்லோரும் பின்னால் ஓடவும் வேண்டாம். அவனுக்குப் பழக்கமான ஒருவர் மட்டும் போய்ப் பக்கத்தில் இருக்கட்டும். "வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள்; தண்ணீர் கொடுத்து, பேசாமல் கூட இருந்தால் போதும். அமைதியான அறை ஒன்றையும் பொறுப்பான ஆலோசகர் ஒருவரையும் முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள். சாகப்போவதாகச் சொன்னால் தனியே விடாமல் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். முதற்குடி, இனுவிட், மெட்டி மக்களுக்கென 1-855-242-3310 என்ற எண்ணில் 'ஹோப் ஃபார் வெல்னஸ்' உதவித்தொடர்பும் உண்டு. மறுநாள் அவன் வீட்டுக்கு ஒரு அழைப்பு: "உன் மேளம் காய்ந்துகொண்டிருக்கிறது, வியாழக்கிழமை வா." அவ்வளவு போதும்.

கேள்வி: கூடலூரில் பணியர் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். இதே மேளத்தை இங்கே கட்டலாமா?
- வாசகி, நீலகிரி

பதில்: வேண்டாம். அந்த மேளமும் அதற்குரிய பாட்டும் அங்குள்ளவர்களுடையவை. பணியருக்குத் துடி மேளமும் குழலும் இருக்கின்றன. உங்கள் பாடியில் (பணியர் குடியிருப்பில்) துடி கட்டத் தெரிந்தவர் யார், அடிக்கத் தெரிந்தவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த அடி சாவுக்கு, எது கல்யாணத்துக்கு, எதைப் பிள்ளைகள் மேடையில் அடிக்கலாம் என்பதை அவர்களே சொல்லட்டும். ஒளிப்பதிவுக்கு முன்னால் சம்மதம் கேளுங்கள். வாரம் ஒரு மாலை, 6 பிள்ளைகள், அந்த ஊர் முற்றம்: தொடங்க இது போதும். ஆண்டுவிழா நிகழ்ச்சிக்காக அவசரப்படுத்தினால் மூப்பர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். முதல் ஆண்டு மேடையே ஏற வேண்டாம்.