மசோதா வந்துவிட்டதாம், சேமிப்பை நிறுத்தலாமா?

கேள்வி: சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 41. 2015 ஆகஸ்ட்டில் சேர்ந்ததால் பென்ஷனில் நான் டியர்-2, அதாவது 67 வயதில்தான் முழுப் பென்ஷன் கிடைக்கும் பிரிவு. மாதம் 500 டாலர் 403(பி) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் போடுகிறேன். டியர்-2 ஆசிரியர்களும் 62 வயதில் முழுப் பென்ஷனோடு ஓய்வு பெறலாம் என்று மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் மசோதா வந்திருக்கிறது, 40 பேர் ஆதரித்துப் பெயர் கொடுத்துவிட்டார்கள் என்று எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி ஓடுகிறது. அப்படியானால் 403(பி)யை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை வீட்டுக் கடனில் கட்டலாமா? இல்லினாய் இனிமேல் பென்ஷனுக்கும் வரி போடப்போகிறது என்று இன்னொரு செய்தி. என் கணவர் பார்மசிஸ்ட். அவருடைய லைசென்ஸ் சட்டமே காலாவதி ஆகப்போகிறது என்று அவர் நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எதை நம்புவது?

பதில்: 403(பி)யை நிறுத்தாதீர்கள். மசோதா நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே நான் போகவில்லை. அது இப்போது எந்த மேசையில் கிடக்கிறது என்பதுதான் உங்கள் பணத்துக்கு முக்கியம்.

இல்லினாய் கீழவையில் 118 உறுப்பினர்கள், செனட்டில் 59 பேர். யார் வேண்டுமானாலும் மசோதா கொண்டுவரலாம். கொண்டுவந்ததும் கீழவையில் அது ரூல்ஸ் கமிட்டிக்குப் போகும். ஐந்தே பேர், அதில் மூன்று பேர் ஆளும் தரப்பு. செனட்டில் இதே வேலையைச் செய்வது அசைன்மென்ட்ஸ் கமிட்டி. பெரும்பாலான மசோதாக்களின் வாழ்க்கை அங்கேயே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து வெளியே வந்தால்தான் பர்சனல் அண்ட் பென்ஷன்ஸ் கமிட்டி அதைக் கையில் எடுக்கும். அந்தக் கமிட்டியும் துணைக்குழு ஒன்றில் போட்டுவைக்கலாம். கெடு தேதி தாண்டினால் மசோதா திரும்ப ரூல்ஸ் கமிட்டிக்கே வந்து படுத்துக்கொள்ளும். இரண்டு வருட அவைக்காலம் முடிந்தால் ஆயுளும் முடிந்தது. அடுத்த அவையில் வேறு எண்ணோடு அதே மசோதா மறுபடி பிறக்கும், வாட்ஸ்அப்பில் அதே செய்தி மறுபடி ஓடும்.

பெயர் கொடுத்த 40 பேரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆசிரியர்களுக்கு நல்லது செய்யும் மசோதாவில் பெயர் சேர்ப்பதற்கு எந்த உறுப்பினருக்கும் ஒரு காசு செலவில்லை. செலவு என்ன என்று தெரிவது பென்ஷன் இம்பேக்ட் நோட் என்ற குறிப்பில். அதைத் தயாரிப்பது கோக்ஃபா எனப்படும் சட்டமன்ற நிதிக் கணிப்பு ஆணையம். மாநிலத்தின் ஐந்து பென்ஷன் நிதிகளுக்கும் சேர்த்து சுமார் 14,000 கோடி டாலர் பற்றாக்குறை ஏற்கெனவே இருக்கிறது. 1994ல் போட்ட சட்டப்படி 2045க்குள், கொடுக்க வேண்டிய பென்ஷன் தொகையில் 90 சதவீதத்துக்கு நிதியில் பணம் இருக்க வேண்டும். இந்த நிலையில், ஓய்வு வயதை ஐந்து வருடம் குறைக்கும் மசோதாவின் நோட்டில் வரும் தொகையைப் பார்த்ததும் கமிட்டித் தலைவர்களின் உற்சாகம் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இருக்கும் பென்ஷனைக் குறைக்க வந்தால்? அதற்கு இங்கே ஓர் அரண் இருக்கிறது. 1970 அரசியலமைப்பின் 13வது பிரிவு, பொதுத்துறைப் பென்ஷன் பலன்களைக் குறைக்கவோ பாதிக்கவோ கூடாது என்கிறது. 2013 டிசம்பர் 3 அன்று டியர்-1 (2011க்கு முன் சேர்ந்த) ஊழியர்களின் வருடாந்தர உயர்வை வெட்டும் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. இரண்டு நாளில் ஆளுநர் பேட் குவின் கையெழுத்தும் போட்டார். பாதிப்பு வருமுன் கிளம்பிவிடலாமா என்று அப்போது பலர் தவித்தார்கள். 2015 மே 8 அன்று மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. பயந்துபோய் முன்கூட்டியே ஓய்வு பெற்றிருந்தால் இழந்த சம்பளத்தை யார் தருவார்கள்?

ஆனால் இந்த அரண் இருப்பதைக் காக்குமே தவிர, கூடுதலாக ஒன்றையும் வாங்கித் தராது. புதிதாகச் சேர்பவர்களை அது காக்கவும் இல்லை. உங்கள் டியர்-2 பிறந்த கதையே அதற்குச் சாட்சி. 2010 மார்ச் 24 அன்று ஒரே நாளில் இரு அவைகளையும் தாண்டியது அந்த மசோதா. 2011 ஜனவரி 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஓய்வு வயது 67 ஆனது. அதற்கு முன்னால் சேர்ந்த சக ஆசிரியைக்கு ஓய்வுக்குப் பின் வருடம் 3 சதவீதம் கூட்டு உயர்வு, அதாவது ஏற்கெனவே உயர்ந்த தொகையின் மேலேயே அடுத்த உயர்வு. உங்களுக்கு 3 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வில் பாதி, இரண்டில் எது குறைவோ அது, அதுவும் கூட்டு இல்லாமல்.

இப்போது கணக்கைப் பாருங்கள். டி.ஆர்.எஸ் எனப்படும் ஆசிரியர் பென்ஷன் நிதியின் சூத்திரப்படி, சர்வீஸ் வருடம் ஒவ்வொன்றுக்கும் சராசரிச் சம்பளத்தில் 2.2 சதவீதம். 62 வயதில் உங்களுக்கு 31 வருட சர்வீஸ் இருக்கும், 68.2 சதவீதம். இப்போதைய சட்டப்படி 67க்குக் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 6 சதவீதம் பிடிப்பார்கள். ஐந்து வருடத்துக்கு 30 சதவீதம் போக, மிஞ்சுவது சுமார் 47.7 சதவீதம். சராசரிச் சம்பளம் 90,000 டாலர் என்று வைத்தால், 61,380க்குப் பதில் 42,966 டாலர். வருடத்துக்கு 18,400 டாலர் பள்ளம். மாதம் 500 டாலரை 21 வருடம் போட்டால் வட்டியே இல்லாமல் 1,26,000 டாலர். ஏறத்தாழ ஏழு வருடப் பள்ளத்தை அதுவே நிரப்பும். பள்ளி ஆசிரியர் என்பதால் இந்த வேலைக்கு உங்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி என்ற மத்திய அரசின் ஓய்வூதியமும் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். மசோதா நிறைவேறினால் கையில் கூடுதல் பணம் இருக்கும், அவ்வளவுதான். நிறைவேறாமல் போய், நீங்களும் சேமிப்பை நிறுத்தியிருந்தால் 62ல் வீட்டுக்குப் போக முடியாது.

வரிக்கு வருவோம். இன்று இல்லினாய் வருமான வரி 4.95 சதவீதம். பென்ஷன், சோஷியல் செக்யூரிட்டி, 403(பி)யிலிருந்து எடுக்கும் பணம் மூன்றுக்கும் மாநில வரி இல்லை. 2020 நவம்பரில் படிநிலை வரிக்கான (வருமானம் கூடக் கூட வரி விகிதமும் கூடும் முறை) அரசியலமைப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோதும் இதே பென்ஷன் வரிப் பயம்தான் கிளம்பியது. மக்கள் அந்தத் திருத்தத்தைத் தோற்கடித்துவிட்டார்கள். ஆனால் வரி விஷயத்தில் நான் பென்ஷன் அளவுக்கு நிம்மதியாக இருக்க மாட்டேன். ரெவின்யூ கமிட்டி வருடம் முழுக்க ஆற அமர விசாரணை நடத்தும், அதில் பல "விஷயம் பற்றி மட்டும்" என்ற பெயரில், ஓட்டெடுப்பே இல்லாமல். உண்மையான வரி மசோதா மே கடைசி வாரத்தில் வரும். "ஷெல் பில்" என்று ஒன்று உண்டு: பழைய சட்டத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே சொல்லைத் திரும்பப் போடும் வெற்று ஓடு. ஒவ்வொரு மசோதாவையும் அவையில் மூன்று வெவ்வேறு நாளில் மூன்று முறை வாசிக்க வேண்டும் என்ற விதியின் பெரும்பகுதியை அந்த ஓடு முன்கூட்டியே கடந்து காத்திருக்கும். கடைசி நேரத்தில் திருத்தம் என்ற பெயரில் உள்ளே முந்நூறு பக்கம் நுழையும். வெளிப்படைத்தன்மை பற்றி அந்த ஊரில் பேசும்போது எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான். 2017ல் 3.75 சதவீதத்தை 4.95 ஆக்கிய மசோதா, ஆளுநரின் வீட்டோவை மீறி ஜூலை 6 அன்று சட்டமானது, ஜூலை 1லிருந்தே அமல். ஆனால் பட்ஜெட்டே இல்லாமல் இரண்டு வருடம் திண்டாடிய அந்த நேரத்திலும் ஓய்வூதியத்தின் மேல் கை வைக்கவில்லை. எனவே பென்ஷன் வரிச் செய்தி பிப்ரவரியில் வந்தால் விட்டுத்தள்ளுங்கள். மே 25க்கு மேல் வந்தால் படித்துப் பாருங்கள்.

அமல் தேதியையும் பார்க்க வேண்டும். மே 31க்குப் பிறகு நிறைவேறும் மசோதா, கீழவையில் 71 ஓட்டும் செனட்டில் 36 ஓட்டும் பெறாவிட்டால் அடுத்த ஜூன் 1க்கு முன் அமலுக்கு வராது. நிறைவேறிய மசோதா 30 நாளுக்குள் ஆளுநரிடம் போக வேண்டும், அவருக்கு 60 நாள் அவகாசம். ஆக, நிறைவேறிய பிறகும் உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது.

உங்கள் கணவரிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே தொழில் லைசென்ஸ் சட்டங்களுக்கு முடிவுத் தேதி எழுதியே வைத்திருக்கிறார்கள், சன்செட் சட்டம் என்று பெயர். அந்தத் தேதி நெருங்கும்போது செனட்டில் லைசென்ஸ்டு ஆக்டிவிட்டீஸ், கீழவையில் ஹெல்த் கேர் லைசென்சஸ் கமிட்டிகள் சட்டத்தைத் தூசி தட்டி நீட்டிக்கும். அவர் கவனிக்க வேண்டியது நீட்டிப்போடு சேர்த்து மாற்றுவதைத்தான்: கட்டணம், தொடர்கல்வி மணிநேரம், யார் யார் எந்த வேலையைச் செய்யலாம் என்பது.

மசோதா உண்மையிலேயே வேண்டும் என்றால், கமிட்டி விசாரணைக்கு முன் சட்டமன்ற இணையதளத்தில் "விட்னஸ் ஸ்லிப்" போடுங்கள். ஆதரவு, எதிர்ப்பு, நிலைப்பாடு இல்லை என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும், நேரில் போக வேண்டாம். ஐந்து நிமிட வேலை.

வீட்டுக் கடன் வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 3 சதவீதத்தை ஒட்டி இருந்தால் அவசரமாகக் கட்டாதீர்கள். 7 சதவீதம் என்றால், 403(பி)யைத் தொடாமல் வேறு எங்கிருந்து மாதம் 200 டாலர் எடுக்கலாம் என்று பார்க்கலாம். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.