ஒப்பந்த வேலை முடிந்தபின் உதவித்தொகை மறுக்கப்பட்டால்

கேள்வி: பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில், ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் இரண்டரை ஆண்டுகள் வேலை பார்த்தேன். சம்பளம் 16,000 ரூபாய், ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். கணக்கு முடிப்பதற்காக என்று சொல்லி, ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். வேலையிழப்பு உதவித்தொகை கேட்கப் போனால், நானே வேலையை விட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்று ஈ.எஸ்.ஐ. கிளையில் வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?
- வாசகி, ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: நீங்கள் கேட்பது, ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டில் இருந்து வேலை இழந்தவர்களுக்காக 2018 ஜூலையில் தொடங்கப்பட்ட அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா திட்டத்தின் தொகை. வாய்மொழி மறுப்பை ஏற்றுக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதில்லை. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை பெற்று, மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதித் தரும்படி கேளுங்கள். எழுத்தில் உள்ள காரணத்துக்குத்தான் மேலிடத்தில் பதில் சொல்ல முடியும்.

ஒழுங்கீனத்துக்கான தண்டனை, ஓய்வு, விருப்ப ஓய்வு ஆகியவற்றால் வேலை போனவர்களுக்கு இத்தொகை கிடையாது. ஒப்பந்தக் காலம் முடிந்து நிறுத்தப்பட்டவர் இவற்றில் எதிலும் சேரமாட்டார். ஆகவே உங்கள் வழக்கு முழுவதும், நீங்களே வேலையை விட்டதாக உள்ள அந்த ஒரு பதிவைப் பற்றியதே. முடிவுத் தேதி உள்ள பணி ஆணை, இனி வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, கடைசிச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைத் திரட்டி, பதிவைத் திருத்தக் கோரி ஏஜென்சிக்கு, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபால் அனுப்புங்கள். தொழிற்சாலை நிர்வாகத்துக்கும் நகல் போகட்டும். கையெழுத்திட்டதை மறைக்காதீர்கள். என்ன சொல்லி வாங்கினார்கள், அந்தத் தாளை உங்களுக்குப் படித்துக் காட்டினார்களா என்பதை உள்ளபடியே எழுதுங்கள். புரியாத மொழியில் தாளை நீட்டி, வேலை இழந்து நிற்பவரிடம் கையெழுத்து வாங்குவது அநியாயம். அதை அழுத்திச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இதற்கிடையே ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் பங்களிப்பு விவரத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டுகள் காப்பீட்டு வேலையில் இருந்திருக்க வேண்டும்; வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்திலும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றிலும் குறைந்தது 78 நாள் பங்களிப்பு வேண்டும் என்பது 2020-இல் தளர்த்தப்பட்ட விதி. ஏஜென்சி மாறும்போது புதிய காப்பீட்டு எண் போட்டுவிடுவதால் பலருக்கும் இங்கேதான் கணக்கு உடைகிறது. உங்களுக்கும் இரண்டு எண்கள் இருந்தால், முதலில் அவற்றை இணைக்கக் கோருங்கள்.

தொகை என்பது சராசரி நாள் வருமானத்தில் 50 சதவீதம், வாழ்நாளில் அதிகபட்சம் 90 நாட்களுக்கு. நான்கு பங்களிப்புக் காலங்களின் மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுத்து நாள் வருமானம் காண்பார்கள். இரண்டு ஆண்டுகளும் 16,000 வாங்கியிருந்தால் உங்களுக்கு ஏறத்தாழ 23,670 ரூபாய் வரும். திட்டம் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருவதால், தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள்.

கிளை அசையாவிட்டால் பின்னி ஃபீல்ட்ஸில் உள்ள மண்டல அலுவலகத்தில் குறைதீர்ப்பு மனு கொடுங்கள். அதன்பிறகும் வழி பிறக்கவில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். இடைத்தரகர் எவருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். நடுவில் வேறு வேலை கிடைத்தால், வேலையின்றி இருந்த நாட்களுக்கு மட்டுமே கோருங்கள்; புதிய இடத்திலும் பழைய காப்பீட்டு எண்ணையே கொடுங்கள்.